என் துஆவுக்கு ஓடிவந்த நாய்

1

காரைக்காலில் இதைப் படிக்கப்போகிற பெரியவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. சைகோனில் என் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் சுல்தான். மறைந்த என் வாப்பாவின் பெயரும் சுல்தான்தான். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். கோபப்படுகிறவர்கள் ஒரே மூச்சில் கோபப்பட்டு முடித்துவிட்டால் மேற்கொண்டு பேச எனக்கு வசதியாக இருக்கும்.

நாயை நான் வாங்கவில்லை. பெயரையும் நான் வைக்கவில்லை. இங்கே வெள்ளைக்காரர்கள் தங்கள் நாய்களுக்கு ராஜா, சுல்தான், பாஷா என்றுதான் பெயர் வைக்கிறார்கள். காலடியில் ஒரு சுல்தான் படுத்திருந்தால் காலைக் காப்பி கொஞ்சம் ருசிக்கும் போலிருக்கிறது.

இன்றோடு என் மகன் யூசுப் கப்பல் ஏறி ஒரு வருஷம். அவன் போன அன்று இந்த நாய் வீட்டுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு துஆ இருக்கிறது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நாய், டாக்டர், சுங்கச் சாவடி, பிரெஞ்சு வினைச்சொல், எல்லாவற்றுக்கும் பயம். அது தெரிந்துதான் நான் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது என் உம்மா ஒரு துஆவைச் சொல்லி அனுப்பினார்கள். “யா அல்லாஹ், என் நெஞ்சிலிருந்து அச்சத்தை எடுத்துவிடு. உன்னைத் தவிர யாருக்கும் நடுங்காத மனத்தைக் கொடு. என் உள்ளத்தைக் கழுவிவிடு. அடுத்தவரைத் தாழ்வாகப் பார்க்கும் அழுக்கு அதில் தங்காமல் செய்.”

முதல் மூன்று வரிகளை நிறுத்தி நிதானமாகக் கேட்பேன், அல்லாஹ்வுக்கு ஒரு எழுத்துகூடத் தவறிவிடக் கூடாது என்று. கடைசி வரியை மட்டும் விழுங்கிவிட்டு ஆமீன் சொல்லிவிடுவேன். அதை அல்லாஹ் ஏற்று, அது கபூலாகிவிட்டால் எனக்குப் பேச என்ன இருக்கும்? சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிறவன் நான். வருகிறவர்களின் நடையையும் மூக்கையும் பேச்சையும் அவர்கள் போனபிறகு நடித்துக் காட்டித்தான் பாதிப் பொழுது ஓடுகிறது.

2

என் மனைவி மரியம் இந்த மண்ணில் பிறந்தவள். குச்சி என்கிற ஊருக்குப் பக்கத்தில் நெல்லும் மாடும் உள்ள ஒரு கிராமம். நிக்காஹுக்கு முன்னால் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தாள், அதன்பிறகு தமிழ் கற்றாள். எங்கள் வீட்டில் சோறு தமிழில், சண்டை அவளுடைய அன்னாமிய மொழியில், பொய் பிரெஞ்சில். யூசுப் மூன்றிலும் கெட்டிக்காரன். மார்க்கம் சம்பந்தமாக அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது கொஞ்சம். கேலி செய்யக் கற்றுக்கொடுத்தது நிறைய. ஐந்து வயதிலேயே மாரியம்மன் கோயில் தெருச் செட்டியார் ஒருவர் முட்டி வலியோடு கடைப்படி ஏறுவதை அப்படியே நடித்துக் காட்டுவான். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன்.

அவனை வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் லிசே பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அங்கே அவன் ஜோசப் ஆனான். பெயர்தானே என்றிருந்தேன். பிறகு ஒருநாள் வகுப்பில் லத்தீன் வாத்தியாரைப் போல மூக்கை உறிஞ்சி, இடுப்பைச் சொறிந்து நடந்து காட்டியிருக்கிறான். வாத்தியார் அவன் பின்னால்தான் நின்றிருக்கிறார். அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். தகப்பன் வந்து தலைமையாசிரியரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் மனம் இரங்காவிட்டால் பள்ளிக்கூடம் அதோடு சரி.

யூசுப் அழவில்லை. “கடையில உக்கார வச்சிடலாம்னு பாக்காதிங்க வாப்பா. உக்கார மாட்டேன். போயிடுவேன்” என்றான்.

“எங்கடா போவ?”

“நீங்க எங்கேந்து இங்க வந்திங்க? அது மாதிரி.”

ஊருக்கு வருகிறேன் வருகிறேன் என்று எழுதி எழுதியே என் உம்மாவின் மையித்தை அடக்கக்கூடப் போகாதவன் நான். என் மகன் என் மாதிரியே போய்விடுவான் என்பதைவிடப் பெரிய பயமுறுத்தல் அவனிடம் இல்லை.

ஆகவே தலைமையாசிரியரைப் பார்க்கக் கிளம்பினேன். பார்க்க வேண்டுமானால் மனு வேண்டும். மனுவுக்கு முத்திரைத்தாள் வேண்டும். முத்திரைத்தாளோடு போனால் பையனின் பிறப்புச் சான்று வேண்டும். அதில் யூசுப் என்றிருக்கிறது, பள்ளியில் ஜோசப் என்றிருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு தாள் வேண்டும். இத்தனையையும் கேட்டவர் அங்கே குமாஸ்தாவாக இருந்த புதுச்சேரிக் கிறிஸ்தவர். என்னிடம் பிரெஞ்சைத் தவிர வேறு பேசமாட்டார். நான் தமிழில் கேட்டால் என் தலைக்கு மேலே சுவரைப் பார்ப்பார். கடைசித் தாளை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தும்போது அவர் விரல் அதில் நசுங்கியது.

“ஐயோ அம்மா!” என்றார்.

“எந்த ஊருங்க?” என்றேன் நான்.

அதன்பிறகு அவர் முகத்தில் தமிழ் ஒட்டிக்கொண்டது, துடைக்க முடியவில்லை. விரலை வாயில் வைத்தபடி மெதுவாகச் சொன்னார்: “பாய், ஒண்ணு தெரிஞ்சிக்கங்க. துரை நம்மள நம்ப மாட்டார். நாயைத்தான் நம்புவார். அது உங்களப் பாத்துக் குரைச்சுதுன்னா மனுவை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. அது வாலாட்டினாத்தான் பேனாவத் தொறப்பார்.”

நாயா?

மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஷாபி மத்ஹப். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. இந்தச் சட்டம் எனக்கு ரொம்ப சௌகரியம். நாயைக் கண்டு ஓடும்போதெல்லாம் பயத்தில் ஓடுகிறான் என்று யாரும் சொல்ல முடியாது, மார்க்கத்தில் பேணுதலாக இருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் பால் ஊற்றும் ராவுத்தரிடம் சொன்னேன். அவர் ஹனபி மத்ஹப். “எங்களுக்கு மூணு தடவை கழுவினாப் போதும். பேசாம எங்க பக்கம் வந்துடுங்க, பாதிக்கு மேல லாபம்” என்றார். மரியம் உள்ளேயிருந்து, “எங்கப்பா வீட்ல நாயும் நானும் ஒரே பாய்ல படுத்தோம்” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒருவனிடம் சொல்லுகிற விஷயமா இது?

3

தலைமையாசிரியர் தம் வீட்டிலேயே பெற்றோரைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீடு. தொழுகைக்குக் கழுவுவது போல் கைகால் கழுவி ஒலு செய்துகொண்டு, கறுப்புக் கோட்டும் சிவப்புத் தொப்பியுமாகப் போனேன். யூசுப் என் பக்கத்தில். முன்கூடத்தில் உட்கார வைத்தார்கள். உள்ளே எங்கேயோ நகம் தரையில் கீறுகிற சத்தம் கேட்டது.

“யூசுப், நாளைக்கு வரலாமாடா?”

“வாப்பா, அது நாய். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதுன்னு அதுக்குத் தெரியாது.”

வேறு வழியில்லை. கண்ணை மூடினேன். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக ஏந்தினேன். யா அல்லாஹ், என் நெஞ்சிலிருந்து அச்சத்தை எடுத்துவிடு. உன்னைத் தவிர யாருக்கும் நடுங்காத மனத்தைக் கொடு. அன்றைக்கு உண்மையாகவே கேட்டேன். உம்மா சொன்னபோது இருந்த அதே குரலில் கேட்டேன். என் உள்ளத்தைக் கழுவிவிடு, என்று மூன்றாம் வரிக்கு வந்தேன்.

கையில் ஏதோ ஈரமாக, சூடாகப் பட்டது.

கண்ணைத் திறந்தால், எருமைக் கன்று உயரத்துக்கு ஒரு கறுப்பு நாய். நம்முடைய துஆ அதற்கு எப்படித் தெரியும்? ஒரு மனிதன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஏதோ தின்னக் கொடுக்கிறான் என்றுதானே நாய் நினைக்கும். அது நக்கியது. உள்ளங்கையை, விரல் இடுக்கை, மணிக்கட்டை, ஒரு இடம் பாக்கி விடாமல் நக்கியது. கையை இழுத்தால் கடிக்கும் என்று பயம். இழுக்காவிட்டால் நஜீஸ், அசுத்தம். நான் இரண்டுக்கும் நடுவில் அப்படியே சிலையாக உட்கார்ந்திருந்தேன். வாய் மட்டும் துஆவின் கடைசி வரியை ஓதிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வரியை விழுங்காமல் ஓதினேன், விழுங்கத் தொண்டையில் எச்சில் இல்லை.

அப்போது தலைமையாசிரியர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சுல்தான் இப்படி யாரிடமும் போனதேயில்லை!” என்றார் பிரெஞ்சில். பெயரைக் கேட்டதும் நான் எழுந்து நின்றேன், என் வாப்பாவை யாரோ கூப்பிட்டார்கள் என்று. அவர் நேரே வந்து என் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தம் கையைக் கோட்டில்கூட அவர் துடைக்கவில்லை.

மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். “முசே, என் மகனை மன்னியுங்கள்” என்பது பாடம். வாயில் வந்தது, “முசே, உங்கள் மகனை மன்னியுங்கள்.” யூசுப் திருத்தவில்லை. தரையைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

அவர் நாயின் தலையைத் தடவினார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

இத்தோடு சலாம் சொல்லி வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் ளுஹர் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. யூசுப்பை உள்ளே விட்டுவிட்டு இறங்கினேன். வெளியே தோட்டத்தில் பூச்செடிகளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். நல்ல ஈர மண். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் குந்தி உட்கார்ந்தேன். மண்ணை அள்ளி இரண்டு கையிலும் முழங்கை வரை பூசித் தேய்த்தேன். ஒன்று. தண்ணீர் விட்டேன். இரண்டு. மூன்று. நாலு.

வீட்டுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

தரைவரை இறங்கும் சன்னல் திறந்திருந்தது. தலைமையாசிரியரும் அவர் மனைவியும் அந்தக் குமாஸ்தாவும் உள்ளே நின்றார்கள். நடுவில் என் மகன். கண்ணை மூடிக்கொண்டு, கையை ஏந்திக்கொண்டு, உதட்டை நடுக்கிக்கொண்டு, நானாக நின்றான். பிறகு திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். பிறகு குந்தி உட்கார்ந்து இல்லாத மண்ணை அள்ளிக் கையில் தேய்த்து இல்லாத குழாயில் கழுவினான். வாயால் எண்ணினான், தமிழில். என் தோள் எப்படி ஒரு பக்கம் சாயும், என் தொப்பி எப்படி வழுக்கும், எல்லாம் அச்சு அசல். துரைசானி அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குமாஸ்தா பிரெஞ்சில் சிரித்தார்.

எனக்கு நாலா ஐந்தா என்று மறந்துபோனது. முதலிலிருந்து தொடங்கினேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

வெள்ளைக்கார வாத்தியாரைப் போல நடந்து காட்டினால் பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே. தகப்பனைப் போல நடந்து காட்டினால் உள்ளே. இந்த ஊர்ச் சட்டத்தை அவன் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் துள்ளிக்கொண்டு வெளியே வந்தான். “வாப்பா, பாஸாயிட்டேன்.”

“எதுலடா?”

“உங்கள்ல.”

4

அதன்பிறகு அவனுக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்துவிட்டது. மாலையில் சுல்தானை நடத்திக்கொண்டு போவான். ஞாயிற்றுக்கிழமை அங்கேயே சாப்பாடு. விருந்தாளி வந்தால் “ஜோசப், உன் அப்பாவைச் செய்” என்பார்களாம். செய்வான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கடைக்கு வருகிற வெள்ளைக்காரிகள் என் கையையே பார்த்தார்கள். ஒருத்தி துணி வாங்கியபின் சில்லறையை நாய்க்கு ரொட்டித்துண்டு நீட்டுவது போல நீட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நாளாக ஆகக் கதை வளர்ந்தது. பிந்திய பதிப்பில் நான் பூச்செடிமேல் குப்புற விழுகிறேனாம். அந்தப் பதிப்பு நன்றாகவே இருந்ததாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அவன் வருவது நின்றது. கூப்பிட்டால், “நாய் புடிச்ச கை வாப்பா. பள்ளிவாசல்ல மண்ணு இல்லையே” என்பான். நான் அவனிடம் எப்போதும் என்ன சொல்லியிருக்கிறேன்? சிரித்தேன். மரியம் சிரிக்கவில்லை. “நீங்க சிரிக்கிறதாலதான் அவன் பேசுறான்” என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வந்துவிட்டது.

பிறகு தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பிரான்சுக்குத் திரும்புகிறார், யூசுப்பையும் கூட்டிப்போய்ப் படிக்க வைக்கிறார். யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம், என்று சந்தை முழுதும் பேச்சு. நானும் அப்படியே சொன்னேன். உள்ளே என் வயிறு என்ன சொன்னது என்பதை எழுதினால் ஊரில் என் பெயர் கெட்டுவிடும். சிரிக்க வைக்கிறவன் என்று எடுத்த பெயர்.

சுல்தான் மட்டும் பாக்கி. அதற்கு வயதாகிவிட்டது, ஒரு கண் பூத்துவிட்டது, கப்பல் ஒத்துக்கொள்ளாது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “சுல்தானுக்கு உங்களை எப்போதுமே பிடிக்கும்.” எனக்கு மேர்சி என்று நன்றி சொல்லத்தான் வந்தது.

பால் ராவுத்தர் சொன்னார்: “தைரியம் கேட்டு துஆ செஞ்சிங்க. அல்லா நாயை அனுப்பினான். சரி. அதுக்காகப் புள்ளையக் குடுத்தா நாயை மாத்திக்கிறது?” முன்பு போல அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அதனால் அது கேலியாகவே இல்லை.

5

துறைமுகத்துக்கு எல்லோரும் போனோம். நான், மரியம், கயிற்றில் சுல்தான். கயிற்றின் மறுமுனையை மரியம்தான் பிடித்திருந்தாள். அவள் மகனைப் பிடித்து அழுது, முகர்ந்து, அவன் சட்டைப்பொத்தானைத் திருகி, எல்லாம் முடித்தாள். சாமான்கள் ஏறிவிட்டன. தலைமையாசிரியரும் மனைவியும் ஏணிப்படியருகில் நின்றார்கள்.

நான் கொஞ்சம் தள்ளி நின்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன், கையை ஏந்தாமல், மனசுக்குள். இவன் திரும்பி வரமாட்டான் என்கிற அச்சத்தை எடுத்துவிடு, என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

யூசுப் நாயிடம் போனான். மண்டியிட்டான். அது இரண்டு முன்காலையும் அவன் தோளில் போட்டு, தாடையிலிருந்து நெற்றிவரை முகம் முழுக்க நக்கியது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் ஏதோ சொன்னான். எழுந்தபோது அவன் முகம் பளபளவென்று ஈரமாக இருந்தது. கண்ணும் ஈரமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். எது எச்சில் எது கண்ணீர் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது நான்.

எனக்கு அப்போது ஒரு அதிசயம் நடந்தது. பயமில்லை. நஜீஸா, இருக்கட்டும், கழுவிக்கொண்டால் போயிற்று. அதற்குத்தானே மண் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. பிள்ளையை முதலில் கட்டிக்கொள்வோம் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தேன். உம்மாவின் துஆ அத்தனை வருஷம் கழித்து அந்த இடத்தில்தான் கபூலானது.

யூசுப் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

“அங்கயே நில்லுங்க வாப்பா! மூஞ்சி பூரா நாய் எச்சில். ஏழு தடவ கழுவணும். கப்பல்ல மண்ணு கிடையாது!”

சொன்னதைப் பிரெஞ்சிலும் சொன்னான், அவர்களுக்காக. துரைசானி அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள்.

முதலில் சிரித்தவன் நான்தான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நல்ல பகடி. இடம், நேரம், அளவு எல்லாம் கச்சிதம். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சிரிப்பில், விரித்த கையை மடக்க மறந்துவிட்டேன். உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்தபடி இருந்தன. சுல்தான் மரியத்தின் பிடியிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, இரண்டையும் நக்கியது.

நிமிர்ந்து பார்த்தபோது யூசுப் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்.

கூலியாட்கள் கைகால் கழுவ வைத்திருந்த ஒரு தண்ணீர்த் தொட்டி அங்கே கிடந்தது. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. எல்லோரும் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருக்க, நான் குந்தி உட்கார்ந்து மண்ணை அள்ளினேன். ஈரமும் மண்ணுமான கையை எப்படி ஆட்டுவது? மேல்தளத்திலிருந்து அவன் குரல் கேட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்.

“ஒண்ணு!”

தண்ணீர் விட்டேன்.

“ரெண்டு!”

சுற்றியிருந்தவர்கள் என்னையும் கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கப்பல் நகர்ந்தது. “மூணு!” என்றான். “நாலு!” என்றான். ஐந்தைக் கப்பலின் ஊதல் விழுங்கிவிட்டது. நான் கையை நீட்டியபடியே காத்திருந்தேன். அதற்குமேல் கேட்கவில்லை.

6

யூசுப்பிடமிருந்து எப்போதாவது கடிதம் வருகிறது. “சுல்தான் சௌக்கியமா?” என்று கேட்கிறான். சுல்தான் சௌக்கியம், சுல்தான் மகனும் சௌக்கியம் என்று எழுதுகிறேன். இரண்டாவது பாதி அவனுக்குப் புரிகிறதா தெரியவில்லை. பாட்டனார் பெயரை எப்போதோ ஒருமுறை சொல்லியிருப்பேன்.

மரியம் நாய்க்குச் சோறு வைக்கிறாள். நான் நீளமான அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறேன். பகலில் அது கடை வாசலில் படுத்துக்கொண்டு ஒற்றைக்கண்ணால் தெருவைப் பார்க்கிறது. வருகிறவர்களின் நடையைக் கேலி செய்ய எனக்கு இப்போது அவ்வளவாக வருவதில்லை. கடைசி வரியும் கபூலாகிவிட்டதோ என்னவோ. அல்லது பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை.

இன்று காலை தொழுதுமுடித்துப் பின்கட்டில் உட்கார்ந்து கையை ஏந்தினேன். கதவைச் சாத்த மறந்துவிட்டேன். அச்சத்தை எடுத்துவிடு என்று சொல்லி முடிப்பதற்குள் தரையில் நகச்சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் என் துஆவுக்கு ஓடிவருகிற ஜீவன் அது ஒன்றுதான். நக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு குழாயடிக்குப் போனேன். மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு வரைக்கும் அவன் குரலில் வருகிறது. ஐந்திலிருந்து என் குரல்.

“எத்தன தடவங்க கழுவுவிங்க? தண்ணி தீந்துடும்” என்று மரியம் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

“மறந்துபோச்சு” என்றேன். மறுபடி மண்ணை அள்ளினேன். ஒன்று.